ஜப்பானுக்குப் போகிறேன், யாருக்குச் சந்தோசம் கொடுப்பது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. கணவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கடற்கரைக்குக் கிட்ட மூன்று அறைகளோடு சிறிய கெஸ்ட்ஹவுஸ் ஒன்றை இருவருமாக நடத்துகிறார்கள். மகன் ஜப்பானில், நகோயா நகரில் வேலை. மருமகளுக்கு இது தலைப்பிரசவம் என்பதால் இரண்டு பேரும் போகிறார்கள். போகிற வழியில் சிங்கப்பூரில் கணவரின் தங்கை வீட்டில் இரண்டு நாள். பேரப்பிள்ளைக்கு ஒரு மாதம் கழிந்ததும், மகன் தன் செலவில் பெற்றோரைக் கெரோ என்ற வெந்நீரூற்று ஊருக்கு ஓர் இரவு அனுப்பிவைக்கப் போகிறாராம்.

சகோதரியின் கவலை காசு பற்றியதுதான், ஆனால் காசு போதாது என்பதல்ல. "உதவி செய்த ஆக்களுக்கு ஒண்டும் குடுக்காமல் வெறுங்கையோட எப்பிடித் திரும்புறது?" என்று கேட்கிறார். கணவரோ, "அங்க டிப்ஸ் எண்டதே இல்லை, ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை" என்று முடித்துவிட்டார். பிரசவம் பார்க்கும் தாதிமாருக்கு என்று 10,000 யென்னை என்வலப்பில் போட்டுக் கொடுக்க இவர் கணவருக்குத் தெரியாமல் காசு மாற்றி வைத்திருக்கிறார். மகனின் நண்பர் ஒருவருக்கு, கேட்காத ஒரு சின்னக் கறிக்கு உணவகத்தில் பில் போட்டார்களாம். அது ஏமாற்று வேலைதானே, கட்ட மறுக்கலாமா என்றும் கேட்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு விஷயம். போன சீசனில் ஒரு ஜப்பானியத் தம்பதி இவர்கள் வீட்டில் ஐந்து இரவு தங்கினார்கள். குச்சவெளியிலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைதான் அவர்களுக்கு இடியப்பமும் சொதியும் அவித்துக் கொடுத்து, அறை கூட்டி, உடுப்புத் தோய்த்துப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு அறையில் மடித்து வைத்த படுக்கை விரிப்புகளும், அந்தப் பிள்ளையின் பெயர் போட்டு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதமும், சின்னப் பெட்டியில் இனிப்பும் இருந்தன. ஒரு ரூபாவும் இல்லை. "நான் என்ன பிழை விட்டனான் அக்கா?" என்று பிள்ளை கண் கலங்கினாளாம்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் சில பழக்கவழக்கம் பற்றியவை, சில சட்டம் பற்றியவை. நீங்கள் இரண்டையும் ஒன்றாகவே கேட்டிருக்கிறீர்கள், ஏனென்றால் நம் ஊரில் இரண்டும் ஒன்றாகத்தான் கலந்து கிடக்கின்றன. ஓட்டோக்காரருக்கு மிச்சச் சில்லறையை விடுவதும், கந்தோரில் கோவையைத் தேடியெடுத்துத் தந்தவரின் கையில் தாளை வைப்பதும் நமக்கு ஒரே 'சந்தோசம்'. சட்டத்தின் கண்ணில் முதலாவது அன்பளிப்பு, இரண்டாவது இலஞ்சம். வெளியூர் போகும்போது இந்த இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மேசையில் விடும் காசு

ஜப்பானில் டிப்ஸ் வழக்கம் இல்லை என்று உங்கள் கணவர் சொல்வது சரி. உணவகத்தில் நீங்கள் மேசையில் காசை வைத்துவிட்டு எழும்பினால், மறந்துபோய் விட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள். வேலை செய்யும் பிள்ளை தெருவில் உங்கள் பின்னால் ஓடிவந்து திருப்பித் தரும். நீங்கள் அதற்குள் போய்விட்டால் அந்தக் காசுக்கு அவள் முதலாளியிடம் கணக்குச் சொல்லவேண்டும். நல்ல மனதோடு நீங்கள் விட்டது அவளுக்கு ஒரு தலையிடியாக முடியும்.

இதற்குக் காரணம் அவர்களுக்குப் பெருமை அதிகம் என்பது மட்டும் அல்ல. அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு முதலாளி மணிக்கு 2.13 டொலர் கொடுத்தால் போதும் என்று கூட்டாட்சிச் சட்டம் 1991 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. மிச்சச் சம்பளம் சாப்பிட வருபவரின் கையிலிருந்து வரவேண்டும். அதனால்தான் அங்கே பில்லோடு 15, 20 வீதம் சேர்த்துக் கொடுக்காவிட்டால் அது பணியாளரின் வயிற்றில் அடிப்பதாகும். ஜப்பானில் சம்பளம் சாப்பாட்டின் விலைக்குள்ளேயே இருக்கிறது. அங்கே குறைந்தபட்சச் சம்பளத்தின் நாடளாவிய சராசரி 2024இல் மணிக்கு 1,055 யென்னாக நிர்ணயிக்கப்பட்டது. நல்ல உபசரிப்பு அந்த விலையோடு சேர்ந்தது. தனியாக ஒருவருக்குத் தருவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

அதற்காக வெறுங்கையோடு திரும்புவதாக நினைக்காதீர்கள். காசு கட்டும் இடத்தில் ஒரு சின்னத் தட்டு வைத்திருப்பார்கள். தாளைக் கையில் திணிக்காமல் அதில் வையுங்கள். வெளியே வரும்போது "கொச்சிசோசாமா தெஷ்தா" என்று சொல்லுங்கள். சாப்பாடு தந்ததற்கு நன்றி சொல்வது அப்படித்தான், சமையலறைக்குள் இருப்பவரும் கேட்டுத் திரும்பிப் பதில் சொல்வார். டாக்சியின் பின்கதவை ஓட்டுநரே இருந்த இடத்திலிருந்து திறப்பார், பூட்டுவார், நீங்கள் இழுக்கவேண்டாம். மிச்சக் காசைக் கடைசி யென் வரை எண்ணித் தருவார், வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டாரைக் கூட்டிச் செல்லும் தனியார் சுற்றுலா வழிகாட்டிகளில் சிலர் டிப்ஸ் வாங்குவார்கள். அவர்களுக்கு நீங்கள் விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயமில்லை.

ஏமாற்று என்று நீங்கள் நினைத்தது

'ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை' என்பதில் உங்கள் கணவர் சற்றுத் தவறுகிறார். டிப்ஸ் இல்லாத நாடுகளில் பில்லுக்குள் சில கட்டணங்கள் இருக்கும். அவை விருப்பப்பட்டுக் கொடுப்பவை அல்ல, கட்டவேண்டியவை.

மகனின் நண்பருக்கு நடந்தது ஏமாற்று அல்ல. இஸகாயா என்னும் மதுவும் சிற்றுண்டியும் விற்கும் கடைகளில், இருந்தவுடன் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கு ஒதோஷி என்று பெயர். ஆளுக்கு ஏறக்குறைய 300 முதல் 500 யென் வரை வரும். இருக்கைக்கான கட்டணம் போன்றது அது. வேண்டாம் என்றால் இருக்குமுன் கேட்டுப் பார்க்கலாம். சில கடைகள் விட்டுவிடும். சாப்பிட்டு முடித்த பிறகு மறுப்பது நியாயமும் அல்ல, மகனுக்கு மரியாதையும் அல்ல. பெரிய ஹோட்டல்களில் 10 முதல் 15 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கும். வெந்நீரூற்று ஊர்களில் குளியல் வரி என்று ஆளுக்கு ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 150 யென் எடுப்பார்கள்.

சிங்கப்பூரிலும் இதே கதை. சாப்பாட்டு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 வீதம் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 வீதம் பொருள் சேவை வரியும் உண்டு. 100 டொலருக்குச் சாப்பிட்டால் கட்டவேண்டியது 119 டொலர் 90 சதம். உங்கள் கணவர் கணக்கு வாத்தியார், அவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இதற்கு மேல் டிப்ஸ் வேண்டாம். தங்கை கூட்டிக்கொண்டு போகும் ஹோக்கர் எனும் பொது உணவுக் கடைத்தொகுதிகளில் சேவைக் கட்டணமும் இல்லை, டிப்ஸும் இல்லை. ஆனால் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துக்கொண்டுபோய் அதற்குரிய இடத்தில் வைக்கவேண்டும். 2021 செப்டெம்பர் முதல் அங்கே அது சட்டம். மேசை துடைக்கும் வயதானவர்களைப் பார்த்தால் உங்களுக்கு மனம் இளகும் என்று தெரியும். அவர்களின் வேலையைக் குறைக்கும் வழி அந்தத் தட்டுத்தான்.

வைத்தியசாலைக்கு அந்த என்வலப் வேண்டாம்

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதை. அந்த 10,000 யென்னை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குள் போகவேண்டாம்.

ஜப்பானில் ஒரு காலத்தில் வைத்தியருக்கு என்வலப் கொடுக்கும் பழக்கம் இருந்தது. இன்று பல வைத்தியசாலைகள் 'அன்பளிப்பு வாங்குவதில்லை' என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கின்றன. மருமகள் அனுமதிக்கப்படும் இடம் மாநகர வைத்தியசாலையா, தனியாரா என்று நீங்கள் எழுதவில்லை. மாநகர வைத்தியசாலை என்றால் அங்குள்ள தாதி அரச ஊழியர். அரச ஊழியருக்கு அவர் கடமையோடு சேர்த்துக் காசு கொடுப்பது ஜப்பானின் தண்டனைச் சட்டக்கோவையில் 198ஆம் பிரிவின் கீழ் வரக்கூடிய விஷயம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25 இலட்சம் யென் வரை தண்டப்பணம் என்கிறது அந்தப் பிரிவு. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த பாட்டியை இதற்காகப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று நான் பயமுறுத்தவில்லை. அந்தத் தாதியை நினைத்துப் பாருங்கள். வாங்கினால் அவளுடைய வேலைக்கு ஆபத்து. வாங்காவிட்டால், மொழி தெரியாத ஒரு பெரியவரின் முகத்தைப் பார்த்து மறுக்கும் சங்கடம். இரவு முழுக்க உங்கள் மருமகளின் பக்கத்தில் நின்றவளுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தானா கொடுக்கப்போகிறீர்கள்?

தனியார் வைத்தியசாலை என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் அவர்களின் உள்விதிகள் பெரும்பாலும் இதையே சொல்லும். இனிப்புப் பெட்டி ஒன்றை விடுதி முழுவதற்குமாகக் கொடுக்கலாமா என்று மகனை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். 'இல்லை' என்றால் இல்லைதான், இரண்டாம் தரம் வற்புறுத்தவேண்டாம். சாதாரணப் பிரசவத்துக்கு அங்கே நான்கைந்து நாள் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வரும் நாளில், எந்தத் தாதி என்ன செய்தார் என்று தமிழில் நீங்கள் சொல்ல மகன் ஜப்பானிய மொழியில் எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கட்டும். பெயரோடு வரும் அப்படி ஒரு கடிதம் அவளுடைய மேலதிகாரியின் கைக்குப் போகும்.

பிள்ளை பிறந்த பிறகு கந்தோர் வேலைகளும் இருக்கின்றன. 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் பிறப்பைப் பதியவேண்டும். பிள்ளை அங்கே 60 நாளுக்கு மேல் இருக்கப்போகிறதென்றால் 30 நாளுக்குள் குடிவரவுப் பிரிவில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். பிறகு இலங்கைப் பிரசாவுரிமைக்கான தூதரகப் பதிவு. அங்கெல்லாம் வேலை சுறுக்காக முடிந்தால் தலையைக் குனிந்து நன்றி சொல்லுங்கள், அவ்வளவே. சிங்கப்பூரிலும் அப்படித்தான். அங்கே இலஞ்ச ஒழிப்புச் சட்டத்தின் கீழ் ஒரு இலட்சம் டொலர் வரை தண்டப்பணமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். கொடுத்தவருக்கும் அதே தண்டனை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 'இங்கே பிள்ளை பிறந்தால் விடுதியில் எல்லாருக்கும் குடுக்கிறனாங்கள்தானே' என்று எழுதியிருக்கிறீர்கள். அரச வைத்தியசாலையில் கடமையில் இருப்பவருக்குக் கொடுப்பதும் அவர் வாங்குவதும் இலங்கையிலும் குற்றம்தான். முந்தைய இலஞ்சச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. எல்லாரும் செய்வதால் அது வழக்கமாகிவிடலாம், உரிமையாகாது. கொடுக்க வசதியில்லாத ஒரு தாய் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறாள். உங்கள் தாள் கைமாறும்போது அவளும் அதைப் பார்க்கிறாள்.

கெரோவில் ஓர் இரவு

உங்கள் கொடுக்கும் மனதுக்கு ஜப்பானில் ஓர் இடம் இருக்கிறது. கன்னியா வெந்நீரூற்றைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குக் கெரோவும் பிடிக்கும். அங்கே ரியோகான் எனும் பழைய பாணி விடுதியில் தங்கப்போகிறீர்கள். அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தேநீர் ஊற்றி, பல விடுதிகளில் சாப்பாட்டையும் அறைக்கே கொண்டுவந்து வைத்து, இரவில் படுக்கை விரிப்பவர் ஒரு பெண்ணாக இருப்பார். அவருக்கு விருந்தாளி விரும்பினால் சிறு தொகை கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு, கொக்கொரொஸுகே என்பார்கள். அதுவும் கட்டாயமல்ல. சேவைக் கட்டணம் பில்லில் இருப்பதால் இப்போது ஜப்பானியர்களிலேயே பலர் கொடுப்பதில்லை, சில விடுதிகள் வாங்குவதுமில்லை.

ஆனால் உங்கள் கணவருக்கு முழங்கால் வருத்தம், தரையில் இருக்க ஏலாது என்று எழுதியிருக்கிறீர்கள். கதிரையும் உயர்ந்த படுக்கையும் கேட்டுத் தனியாக ஒழுங்கு செய்விக்கிறவர்கள், அந்தச் சிரமத்துக்காகக் கொடுப்பது பொருத்தமாக இருக்கும். 1,000 முதல் 3,000 யென் வரை போதும், இருவருக்குமாகச் சேர்த்து. கசங்காத தாளை சின்ன என்வலப்பில் போட்டு, போகும்போது அல்ல, அவர் முதலில் அறையைக் காட்டும்போதே, இரண்டு கையாலும் கொடுக்கவேண்டும். என்வலப்பில் போடாத வெறும் தாளை நீட்டக்கூடாது. ஒரு தரம் மறுப்பார். இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பிறகும் மறுத்தால் விட்டுவிடுங்கள். மறைத்து வைத்த 10,000 யென்னில் இதை எடுக்கலாம், கணவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

காசைவிடப் பொருள் நன்றாகப் போகும் நாடு அது. மகனின் அயல்வீட்டாருக்கும் வேலையிடத்தாருக்கும் நம் தேயிலை, சின்னச் சின்னப் பைக்கற்றுகளாக, தனித்தனியே சுற்றப்பட்டதாக வாங்கிக்கொள்ளுங்கள். இறைச்சி சேர்ந்த எதையும் ஜப்பானுக்குக் கொண்டுபோகவேண்டாம், சுங்கத்தில் பறித்துவிடுவார்கள்.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் உங்கள் தம்பியிடம் அடுத்த வருடம் போகும் எண்ணமும் உண்டு என்கிறீர்கள். அங்கேயும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலையில் மணிக்கு 24.95 அவுஸ்திரேலிய டொலராக உயர்த்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறை நாளிலும் பில்லில் ஒரு மேலதிக வீதம் சேர்ப்பார்கள். சாப்பாட்டு அட்டையில் எழுதியிருக்கும். தென்கொரியாவிலும் வழக்கமில்லை. 2023இல் அங்கே ஒரு டாக்சிச் செயலி டிப்ஸ் பொத்தானைச் சேர்த்துப் பார்த்தபோது பயணிகள் கடுமையாக எதிர்த்தார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை

கடைசிப் பக்கத்தில் எழுதியதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கலாம், எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. அந்தப் பிள்ளை ஒரு பிழையும் விடவில்லை. அந்தத் தம்பதிக்கு அவளின் உழைப்பு தெரியாமலும் இல்லை. அவள் வேலை குறையவேண்டும் என்று விரிப்பை மடித்தார்கள், பெயரைக் கேட்டு வைத்திருந்து கடிதம் எழுதினார்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பைக் கொடுத்தார்கள். அவர்கள் ஊரில் நன்றியை இப்படித்தான் காட்டுவார்கள். அந்தக் கடிதத்தை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினீர்களா? காட்டவில்லை என்றால் இன்றைக்கே காட்டுங்கள்.

ஆனால் கடிதம் வீட்டுச் செலவுக்கு உதவாது என்பதையும் நான் மறக்கவில்லை. இங்கே டிப்ஸ் இல்லாமல் ஒரு பிள்ளையின் மாதம் ஓடாது என்றால், அதற்குப் பொறுப்பு ஜப்பானிலிருந்து வந்தவர்களுடையது அல்ல. இதை மனவருத்தம் இல்லாமல் கேளுங்கள்: தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. அவளுக்கு அது கிடைக்கிறதா? ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் பங்கு 8 வீதமும் உங்கள் பங்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் 3 வீதமும் கட்டப்படுகிறதா? 'சீசனுக்கு டிப்ஸ் வருந்தானே' என்று சம்பளத்தைக் குறைத்துப் பேசும் பழக்கம் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்தில் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. சீசன் முடிந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் அந்தப் பிள்ளைகளின் கையில் ஒன்றும் இருப்பதில்லை. தாதிக்கு 10,000 யென் எடுத்து வைத்த மனம் உங்களுடையது, அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கிறேன்.

விருந்தாளிகள் விஷயத்தில் கேட்பதில் வெட்கம் வேண்டாம். டிப்ஸ் வழக்கமில்லாத நாட்டவருக்கு எவ்வளவு, எப்போது, யாரிடம் என்று தெரியாது. பிழையாகிவிடுமோ என்று பயந்தே கொடுக்காமல் போகிறவர்கள் உண்டு. அறையில் வைக்கும் தகவல் தாளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி சேருங்கள்: 'வாடகையில் சேவைக் கட்டணம் சேர்க்கப்படவில்லை. பணியாளர்களுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் முன்னறையில் உள்ள பெட்டியில் போடலாம்.' தொகை குறிக்கவேண்டாம், வற்புறுத்தல் ஆகிவிடும். பெட்டியை ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை செய்பவர்கள் முன்னால் திறந்து, எண்ணி, கொப்பியில் எழுதி, அவர்களுக்கே பிரித்துக் கொடுங்கள். உடைந்த கிளாசுக்கோ கரண்ட் பில்லுக்கோ அதிலிருந்து ஒரு சதமும் எடுக்கக்கூடாது. 10 வீதம் சேவைக் கட்டணம் என்று பில்லிலேயே போடப்போகிறீர்கள் என்றால், பதிவு செய்யும்போதே விலையோடு அதைத் தெரியப்படுத்தவேண்டும்; வாங்கிய காசு பணியாளரிடம் போய்ச் சேரவும் வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் திரும்பிவிடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் ஆட்கள் வரத் தொடங்குமுன் அந்தத் தாளையும் சம்பளக் கொப்பியையும் சரிசெய்துவிடுங்கள். சேமலாப நிதிப் பதிவு இதுவரை செய்யப்படவில்லை என்றால், அவளின் அடையாள அட்டைப் பிரதியையும் வேலைக்குச் சேர்ந்த திகதியையும் எடுத்துக்கொண்டு திருகோணமலைத் தொழில் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். பயணம் புறப்படுமுன்னமே போய்வர முடிந்தால் இன்னும் நல்லது.